சிட்டையில் 64, பெட்டியில் 51

"ஆயாவுக்கு ஆயா வைக்க மாதம் 24,000 ஆகிறது" என்று ஆபீசில் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அதை விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில், அதாவது காரைக்குடி சுற்றுவட்டாரத்தில், அம்மாவைப் பெற்றவர்தான் ஆயா. சென்னையில் ஆயா என்றால் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருமே இருக்கிறார்கள், ஒருவர் கட்டிலில், இன்னொருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு.

2023 ஆவணியில் ஒரு விடியற்காலை எழுந்து உட்கார்ந்த என் ஆயா அப்படியே இடது பக்கமாகச் சரிந்துவிட்டார். வயது 86. இடது கை, இடது கால் இரண்டும் போயிற்று, வாய் கொஞ்சம் கோணியது, பேச்சும் புத்தியும் மட்டும் போகாமல் தப்பின. மதுரையில் பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. அந்தச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு பார்த்துக்கொண்டது. காப்பீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட பிறகு ஆகிற செலவு யார் கணக்கிலும் வராது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வாசலுக்கே வந்தது, கை கால் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆள் வந்து போனார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் சேர்த்து. அம்மாவுக்கே 64 வயது, மூட்டு வலி. ஆக ஆள் போட்டோம். ஆளுக்கு 24,000, டயபர், சத்துமாவு, மருந்து, தனியாக வரவழைக்கும் பிசியோ எல்லாம் சேர்த்து இன்னொரு 11,000. நான் 12,000, அம்மா தன் பென்ஷனிலிருந்து 8,000, சின்னம்மா 5,000. அம்மான், அதாவது தாய்மாமன், தோதுப்பட்டபோது அனுப்புவார், பல மாதம் தோதுப்படாது. மாதம் 10,000 துண்டு விழுந்தது.

"இவ்வளவு பெரிய வீடு இருக்கே" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டுப் பெரிய வீடு என்பது பார்க்கத்தான் ஒரு வீடு. எங்கள் வீட்டில் நாற்பதுக்கும் மேல் பங்கு. அத்தனை பங்காளியும் ஒரே நாளில் ஒரே மேஜையில் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு தூணைக்கூட விற்க முடியும். அதில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆயாவுக்கென்று அதில் இருப்பது வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றின பகுதியில், ஓர் அறை, இரண்டு சாவி. நகையெல்லாம் பெண்களின் கல்யாணத்தோடு போயிற்று. மிச்சம் இருந்தது சாமான்.

நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை, ஆயாதான் சொன்னார். நான் டயபர் கட்டை உடைத்து எண்ணிக்கொண்டிருந்தேன், மேலே பார்த்தபடியே, "கண்ணாடிச் சாமானை எடுத்துக் குடுத்துரு ராசா. வேற எதுக்கு எங்காத்தா அதைக் குடுத்துவிட்டா?" என்றார். கோணின வாயில் அந்த 'ரா' மட்டும் சரியாக வரவில்லை.

சரி, சாமான் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கூடவே அனுப்பும் பாத்திரம் பண்டம்: பித்தளை, வெங்கலம், எவர்சில்வர், மங்கு, எனாமல், கண்ணாடி. கூடத்தில் பரப்பிவைத்து ஊரே பார்த்த பிறகு, பட்டியலாகச் சிட்டை எழுதி, பெட்டியில் கட்டி அறைக்குள் போய்விடும். பெரும்பாலும் பிறகு வெளியே வருவதே கிடையாது. ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு உரியது, புருஷனுக்கோ மாமியாருக்கோ இல்லை, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது. ஆயாவின் கண்ணாடி அவருடைய அம்மாவுடையது. 1954ல் ஆயா கல்யாணத்தில் கைமாறியது. சிட்டையில் "கட் கிளாஸ் சாமான் உருப்படி 64", அதாவது வெட்டிப் பூ வேலை செய்த கண்ணாடி, என்று இருக்கிறது.

அதற்கு முன்னால் அது பர்மாவிலிருந்து வந்தது. ஆயாவின் அப்பா கீழ்ப் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் இருந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவர்களால் திருப்ப முடியாமல் ஈடு வைத்த நிலமெல்லாம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் வைத்திருந்தவர்கள் 1938ல் 25 சதவீதம் வைத்திருந்தார்கள். பர்மாக்காரர்களுக்கு நம் மேல் வந்த கோபத்துக்கு அந்த ஒரு கணக்கே போதும், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்களிடம் நான் வாதாடுவதில்லை. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு மிச்சமிருந்ததும் பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு தேசியமயத்தில் போயிற்று. அத்தனை நிலத்தில் ஒரு குழிகூட எங்களுக்கு நிற்கவில்லை. சண்டைக்கு முன்னாலேயே வைக்கோல் வைத்துக் கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டது மட்டும் நின்றது.

பெட்டியைத் திறந்தபோது 51 உருப்படி இருந்தது. மீதி 13க்கும் ஆயாவிடம் கணக்கு இருந்தது. சிட்டையின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார். ஒரு கல்யாணத்தில் நாலு, பூனை தட்டிவிட்டது ஒன்று, சினிமாக்காரர்கள் ஷூட்டிங்குக்கு வாங்கிப் போய்த் திருப்பாதது இரண்டு ("கேட்டால் பெட்டியில்தான் வைத்தோம் என்கிறார்கள்" என்றே எழுதியிருக்கிறது), மற்றதெல்லாம் வெறும் "உடைந்தது".

எங்கள் ஊரில் பழைய கண்ணாடி எதுவாக இருந்தாலும் பெல்ஜியம்தான். நிலைக்கண்ணாடி பெல்ஜியம், விளக்கு பெல்ஜியம், இதுவும் பெல்ஜியம் என்றுதான் மூன்று தலைமுறையாகச் சொல்லிவந்தோம். கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ஒரு கிளாஸின் அடியில் சின்னதாக, வட்டமாக, மங்கலாக ஆங்கிலத்தில் "மேட் இன் செக்கோஸ்லோவாகியா" என்று இருந்தது. அந்த நாடு உருவானதே 1918ல்தான். ஆக விக்டோரியா ராணி காலத்துச் சாமான் என்று அம்மான் ஊரெல்லாம் சொன்ன கதையும் அன்றைக்கே முடிந்தது.

முதலில் பார்க்க வந்த வியாபாரி மொத்தத்துக்கும் 22,000 என்றார். யார், எந்தக் கடை என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெட்டியைத் திறந்ததும் அவர் கை முதலில் போனது ஆறு சிவப்புக் கிளாஸ்களின் மேல். ஒன்றைத் தூக்கி, திருப்பி, வைத்துவிட்டார். அதற்கப்புறம் அரைமணி நேரம் பேசினார், தட்டில் விரிசல், கிண்ணத்தில் மூளி, இந்தக் காலத்தில் யார் வாங்குகிறார்கள் என்றெல்லாம் பேசினார், அந்தச் சிவப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று காபி கொடுத்து அனுப்பினோம்.

பிறகு மூன்று வாரம் சனி ஞாயிறுகளில் நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கட் கிளாஸ் மாதிரித் தெரிவதெல்லாம் கட் கிளாஸ் இல்லை. அச்சில் உருக்கி ஊற்றி அழுத்தியே அதே பூவை, அதே நட்சத்திரத்தைக் கொண்டுவந்துவிடலாம். கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். விரலுக்குத்தான் தெரியும். அச்சில் வந்ததின் முனை லேசாக மழுங்கி இருக்கும், சோப்பு கொஞ்சம் கரைந்த மாதிரி, பக்கவாட்டில் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் அச்சு சேர்ந்த இடத்தில் மெல்லிய தழும்பு தட்டும். வெட்டினதில் முனை கூராக, கையை உறுத்தும். சுழலும் இரும்புச் சக்கரத்தில் ஈர மணலை விட்டு முதல் வெட்டு, கல் சக்கரத்தில் இழைப்பு, மரச் சக்கரத்தில் பொடி போட்டு மெருகு, இப்படி ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் கையில் பிடித்து அழுத்தி எடுத்தது. பிற்காலத்தில் மெருகுக்கு அமிலத்தில் முக்கி எடுத்தார்கள். அதில் வேலை மிச்சம், ஆனால் கோட்டின் கூர் கொஞ்சம் குறையும். ஈயம் கலந்ததென்றால் கை தாழும் கனம் இருக்கும், விளிம்பில் நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று கோயில் சின்னமணி மாதிரி கொஞ்ச நேரம் இழுக்கும். ஆனால் கனத்தையும் சத்தத்தையும் மட்டும் நம்பிவிடக் கூடாது, பொஹீமியாப் பக்கத்தில், அதாவது அந்தச் செக்கோஸ்லோவாகியாவில், செய்ததில் பெரும்பாலும் ஈயத்துக்குப் பதில் பொட்டாஷ்தான், அது அவ்வளவு பாடாது, ஆனாலும் நல்ல சாமான்.

எங்களுடைய 51ல் 19 அச்சுச் சாமான். அம்மா முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அந்த 19ல் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு சின்னக் கிண்ணம், கள்ள நோட்டுப் பார்க்கும் 200 ரூபாய் டார்ச்சை இருட்டில் அடித்தால் வாழைக்குருத்துப் பச்சையில் எரிந்தது. நிறத்துக்காகக் கண்ணாடியில் யுரேனியம் கலந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஆயா அதில் ஐம்பது வருஷம் திருநீறு வைத்திருந்தார்.

இரண்டு டிகாண்டர்கள் கதை தனி. இங்கிலீஷ்காரன் விஸ்கி ஊற்றி வைக்கும் குப்பி. எங்கள் வீட்டில் பன்னீர் இருந்தது. "அதில ஒண்ணு மூடி ஒத்துக்காது, மத்தது மூடினா திறக்காது" என்று ஆயா எப்போதும் சொல்வார். அன்றைக்குக் கழுத்தின் உள்பக்கம் சாய்த்துப் பார்த்தால், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே கீறினாற்போல் ஒரு எண், 7. மூடியின் காம்பில் 11. அடுத்ததை எடுத்தேன், கழுத்தில் 11, காம்பில் 7. ஒவ்வொரு மூடியையும் அதனதன் குப்பிக்கென்றே அரைத்துப் பொருத்தி, மாறிவிடாமலிருக்க எண் போடுவார்களாம். யாரோ ஒரு பொங்கலுக்குத் துடைத்து வைக்கும்போது மாற்றி வைத்திருக்கிறார்கள், அது 1954க்கு முன்னாலா பின்னாலா தெரியாது. மாற்றிப் போட்டேன். இரண்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கி உட்கார்ந்தன. ஆயாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வலது கையால் ஒரு மூடியைத் திருகித் திறந்து மூடினார், திரும்பத் திறந்தார். "எங்காத்தா திறமையைப் பாரு" என்று சிரித்தார். மாற்றி வைத்தது யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, பென்சிலில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

கழுவுவது பற்றிக் கேட்பீர்கள். குழாயடியில் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு நேரத்தில் ஒன்று. டிகாண்டருக்குள் வெள்ளையாக இருந்த மங்கல் வினிகர் ஊற்றி ஓர் இரவு வைத்ததும் போயிற்று. அது உப்புத்தண்ணீரின் படிவு. போகாத மங்கலும் உண்டு, அது கண்ணாடியே அரித்துப்போனது, அதைத் தேய்த்துப் பிரயோஜனம் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தம்பிமுறை, "வெளிநாட்டு ஏலத்தில் போடலாமே, நாலு மடங்கு கிடைக்கும்" என்றான். 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 100 வருஷம் தாண்டின கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் சாமான் 1918க்கும் 1941க்கும் நடுவில். சில உருப்படி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லவே முடியாது. இது பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி, பேக்கிங் செய்து, உடையாமல் போய்ச் சேர்ந்து... ஆயாவுக்கு டயபர் இந்த மாதம் வேண்டும். விட்டுவிட்டோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை வரிசையாக ஏறி இறங்கினேன், விற்க இல்லை, வாங்குகிறவன் மாதிரி விலை கேட்க. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கடையில் சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கு நமக்குக் கிடைத்தால் நியாயம், அவர்களுக்கும் வாடகை இருக்கிறது, வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். ஆனால் எந்த விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

சிவப்பு ஆறும் சென்னையில் சேகரிக்கிற ஒருவருக்கு 45,000க்குப் போயிற்று. வெள்ளைக் கண்ணாடிக்கு மேல் சிவப்பு ஒரு தோல் போல ஏற்றி, அதைச் சீவிச் சீவி உள்ளிருக்கும் வெள்ளையில் திராட்சைக் கொடி எடுத்திருக்கிறான். ஒன்றில் விளிம்பு மூளி, அதை நாங்களே முதலில் காட்டினோம். டிகாண்டர் ஜோடி 30,000, பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றுகிறவர்கள் எடுத்தார்கள், எண் பொருந்தியதால்தான் அந்த விலை. டம்ளரும் தட்டுமாகப் பதினைந்து உருப்படி ஒரு கடைக்கு 28,000. அச்சுச் சாமான் 19க்கும் சேர்த்து 6,000, அதில் பச்சைக் கிண்ணத்துக்கு மட்டும் 2,500.

பெரிய பழக்கிண்ணத்தைச் சின்னம்மா கேட்டார்கள். சும்மா இல்லை, கடைக்காரர் சொன்ன 9,000ஐ அப்படியே அனுப்பிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் அழுகையும் நினைவும் எல்லோருக்கும் இருக்கிறது, 9,000 அனுப்பியது அவர்கள் மட்டும்தான். அதில் உப்பு எலுமிச்சங்காய் போடப்போகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று தடுத்தேன். சுண்டினால் மணி அடிக்கிற கிண்ணம், ஈயம் இருக்கிறது, புளிப்பும் உப்பும் அதை ஊறவைத்து இழுத்துவிடும்.

எட்டு உருப்படி விற்கவில்லை. இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் தண்டு, விரல் நீளம். சின்னப் பிள்ளைகளில் நாங்கள் அதை எலும்பு என்போம், பொம்மைக்கு டம்பெல். சாப்பாட்டு மேஜையில் கறைபட்ட கத்தி துணியில் படாமல் சாய்த்து வைப்பதற்காம். தரையில் இலை போட்டுக் கையால் சாப்பிடுகிற வீட்டுக்கு எட்டுக் கத்தித் தாங்கி. ரங்கூன் கடைக்காரன் ஆயாவின் அப்பாவிடம் என்ன சொல்லி விற்றானோ.

ஆக மொத்தம் 1,18,000. மாதம் பத்தாயிரம் துண்டுக்குப் பன்னிரண்டு மாதம், இரண்டாயிரம் குறைவு. ஆயா பெயரில் தனிக் கணக்கில் போட்டோம். அம்மானுக்குக் கோபம். "சாமானை வித்துச் சாப்பிடுறாகன்னு ஊரு பேசும்" என்றார். சாப்பிட்டது யார் என்று அம்மா திருப்பிக் கேட்டார்கள், அதற்கு மேல் அந்தப் போன் நீளவில்லை. அவர் சொன்னதிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. எங்கள் ஊரில் சாமான் விற்பதை ராத்திரியில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மதுரையிலிருந்து வண்டி வரவழைத்து. கடையில் தொங்கும் பித்தளைத் தவலையைப் பார்த்து "இது இன்னார் வீட்டுது" என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் தோளில் வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகள், மூன்று எழுத்தாக வெட்டியிருக்கும். கண்ணாடியில் எவரும் விலாசம் வெட்டுவதில்லை. விற்ற பிறகு அது யாருடையதும் இல்லை. அம்மா தைரியமாகச் சரி சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை.

2024 தையில் விற்றோம். ஆயா இப்போது நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருகிறார், வலது கையால் தானே சாப்பிடுகிறார், இடது கை வரவில்லை. பணம் 2025 பொங்கலோடு தீர்ந்தது. ஆளுக்கு இப்போது 26,000. அறையில் அடுத்த பெட்டி பித்தளை, பதினெட்டு தவலை, நாலு அண்டா. சாவியை எடுத்துப் போகச் சொல்லி ஆயா இரண்டு தடவை சொல்லிவிட்டார். அம்மா இன்னும் தரவில்லை.